வெட்டுண்ட காட்சி

இங்கிலாந்தின் டட்லி நகரில் 1889-இல் ஏழைத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர் ஜேம்ஸ் வேல். முதல் உலகப் போரில் ஜெர்மானியரிடம் சிறைப்பட்ட அவர், முகாமிலேயே நாடகம் பயின்றார். 1931-இல் ஹாலிவுட்டில் 'ஃபிராங்கன்ஸ்டைன்' திரைப்படத்தை இயக்கினார்.

அதில் அரக்கன், ஏரிக்கரையில் சிறுமியுடன் பூக்களை மிதக்கவிட்டு விளையாடுகிறான். பூக்கள் தீர்ந்ததும், அவளும் மிதப்பாள் என்றெண்ணி நீரில் எறிகிறான். தணிக்கையோ, அவன் கைநீட்டும் இடத்திலேயே காட்சியைத் துண்டித்தது. அவனது அறியாமை மறைந்து, பார்வையாளர் மனத்தில் அதனினும் கொடிய குற்றம் குடியேறியது.

1957-இல் தம் வீட்டு நீச்சல் குளத்தில் மூழ்கி வேல் மறைந்தார். காட்சி மீண்டும் சேர்க்கப்பட்டது 1980-களில்தான்.

பொருளியல் பயிற்றுவித்த நான் அறிவேன்: ஒரு தரவை நீக்கினாலே முடிவு திரிந்துவிடும். மனிதரை எடைபோடுவதிலும் அவ்வாறே. அரைக்காட்சியைக் கொண்டு எவரையும் அரக்கனாக்கிவிடலாகாது.