கிருமியின் தடம் தேடியவர்

ஈப்போ நகரில் டாக்டர் வூ லியன் தேயின் பெயரைத் தாங்கிய சாலை ஒன்று உள்ளது. அவ்வழியே நாள்தோறும் செல்வோரில் பலர், அப்பெயருக்குரியவர் ஒரு காலத்தில் பல்லாயிரம் உயிர்களைக் காத்தவர் என்பதை அறியாதிருக்கலாம்.

வூ லியன் தே 1879ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள் பினாங்கில் பிறந்தார். அவருடைய தந்தை சீனாவிலிருந்து குடியேறிய பொற்கொல்லர். பினாங்கு ஃபிரீ பள்ளியில் பயின்ற வூ, 1896ஆம் ஆண்டு அரசியார் உபகாரச் சம்பளம் பெற்று இங்கிலாந்து சென்றார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் கற்றார். பின்னர் லிவர்பூல், ஹாலே, பாரிஸ் ஆகிய நகரங்களில் நுண்ணுயிர்களைப் பற்றி ஆய்வு செய்தார்.

1903ஆம் ஆண்டு மலாயா திரும்பிய அவர், கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தில் பெரிபெரி நோயை ஆராய்ந்தார். எனினும், அக்காலத்தில் அரசாங்க மருத்துவத் துறையின் உயர்பதவிகள் ஆங்கிலேயருக்கே ஒதுக்கப்பட்டிருந்தன. எனவே, பினாங்கில் சொந்தமாக மருந்தகம் நடத்தினார். அபின் பழக்கத்தை எதிர்த்து இயக்கமும் நடத்தினார். 1908இல் சீன அரசின் அழைப்பை ஏற்று, தியான்ஜின் நகரிலிருந்த இராணுவ மருத்துவக் கல்லூரியில் பொறுப்பேற்றார்.

1910ஆம் ஆண்டின் இறுதியில் மஞ்சூரியாவை ஒரு கொடிய நோய் தாக்கியது. காய்ச்சலும் இருமலும் கண்டவர்கள் இரத்தம் கக்கிச் சில நாள்களிலேயே மாண்டனர். நோயின் காரணத்தைக் கண்டறிய 31 வயதே ஆன வூ அனுப்பப்பட்டார். டிசம்பர் 24ஆம் நாள், கடுங்குளிரில் உறைந்து கிடந்த ஹார்பின் நகரை அவர் அடைந்தார்.

இறந்தோரின் உடலை அறுத்துப் பார்ப்பது சீன மரபுக்கு மாறானது. ஆயினும், வேறு வழியின்றி, நோயால் இறந்த பெண் ஒருவரின் உடலை வூ மறைவாகப் பரிசோதித்தார். நுண்ணோக்கியில் பிளேக் கிருமிகள் தெரிந்தன. பிளேக் என்றால் எலியும் தெள்ளுப்பூச்சியும்தான் காரணம் என்று பலரும் நம்பிய காலம் அது. ஆனால், அங்குப் பிடிபட்ட எலிகளில் அக்கிருமி காணப்படவில்லை. ஒருவர் நோயுற்றால் அவருடன் ஒரே அறையில் தங்கியோரும் நோயுற்றனர். ஆகவே, இது நுரையீரலைத் தாக்கும் பிளேக் என்றும் மூச்சுக்காற்று வழியே மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுகிறது என்றும் வூ முடிவுசெய்தார்.

அம்முடிவை எல்லாரும் ஏற்கவில்லை. மெஸ்னி என்னும் மூத்த பிரெஞ்சு மருத்துவர் இளையவரான வூவின் கருத்தைப் புறந்தள்ளினார். முகக்கவரி அணியாமலேயே நோயாளிகளைப் பார்வையிட்டார். சில நாள்களில் அவரும் அந்நோய்க்கு இரையானார். அதன்பின் வூவின் சொல்லுக்கு மதிப்புக் கூடியது.

மெல்லிய துணி அடுக்குகளுக்கிடையே பஞ்சு வைத்து எளிய முகக்கவரியை வூ வடிவமைத்தார். சரக்கு ரயில் பெட்டிகளில் நோயாளிகளுடன் பழகியோர் தனித்து வைக்கப்பட்டனர். பயணம் கட்டுப்படுத்தப்பட்டது. நிலம் உறைந்திருந்ததால், ஈராயிரத்துக்கும் மேற்பட்ட சடலங்கள் புதைக்கப்படாமல் கிடந்தன. முன்னோரைப் போற்றும் மக்களுக்கு அவற்றை எரிப்பது மனத்தை வருத்தும் செயல். எனினும், அரசின் ஒப்புதலைப் பெற்று 1911 ஜனவரி 31ஆம் நாள் வூ அவற்றை எரியூட்டச் செய்தார். மார்ச் மாதத் தொடக்கத்தில் ஹார்பினில் நோய் அடங்கியது. அதற்குள் மஞ்சூரியாவில் ஏறத்தாழ 60,000 பேர் மாண்டிருந்தனர். அவ்வாண்டு ஏப்ரலில் 11 நாடுகள் பங்கேற்ற அனைத்துலக பிளேக் மாநாட்டுக்கு வூ தலைமை தாங்கினார். 1935இல் நோபல் பரிசுக்கும் அவர் பெயர் முன்மொழியப்பட்டது.

1937இல் சீனாவில் போர் மூண்டபோது வூ மலாயா திரும்பினார். ஈப்போவில் மருந்தகம் அமைத்து மக்களுக்குப் பணியாற்றினார். பேராக் நூலகம் உருவாகவும் பாடுபட்டார். 1960 ஜனவரி 21ஆம் நாள் தாம் பிறந்த பினாங்கிலேயே காலமானார்.

வூ கண்ட நோயைப் போலவே காசநோயும் காற்றின் வழி பரவும். ஆனால், அதன் தடத்தைக் காண்பது மேலும் கடினம். காசநோய்க் கிருமி உடலில் பல்லாண்டுகள் உறங்கிக் கிடந்த பின்னரும் விழித்தெழக்கூடும். பாகான் டத்தோவில் ஒருவருக்கும் ஈப்போவில் ஒருவருக்கும் இந்நோய் கண்டதாகக் கொள்வோம். ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றியதா என்பதை நுண்ணோக்கி காட்டாது. அதில் எல்லாக் காசநோய்க் கிருமிகளும் ஒன்றுபோலவே தோன்றும். அதனால், இன்றைய ஆய்வாளர்கள் கிருமிகளின் மரபணு அமைப்பை ஒப்பிடுகின்றனர். இது கைரேகையை ஒப்பிடுவது போன்றது. அமைப்புகள் வேறுபட்டால் நோய் வெவ்வேறு மூலங்களிலிருந்து வந்தது எனலாம். அவை ஒத்திருந்தால், இருவருக்கும் தொடர்பு இருக்கக்கூடும். அப்போதும் இருவரும் எங்கு, எப்போது, யாருடன் பழகினர் என விசாரித்தே உறுதிசெய்ய வேண்டும்.

மரபணுவைப் படிக்கும் கருவிகள் வூவிடம் இல்லை. ஆயினும், எலிகளைச் சோதித்து, நோயாளிகளுடன் தங்கியோரைக் கவனித்து, சான்றுகள் காட்டிய வழியில் அவர் துணிந்து நடந்தார். கருவிகள் மாறினாலும், அந்த நேர்மையும் துணிவும் இன்றும் மருத்துவ ஆய்வுக்குத் தேவைப்படுகின்றன.