குழந்தைகட்கு எழுத்தை எளிதாக்கிய வீரமாமுனிவர்

இளஞ்சிறார்க்கு எழுதக் கற்பித்தல் எளியதொரு தொழில் என எண்ணுவார் பலர். மேல்வகுப்பிற் காவியம் நடத்துவோனைப் புலவன் என்று போற்றும் உலகம், முதல் வகுப்பிற் குழந்தையின் கைபிடித்து அகரம் எழுதுவிப்போனைப் பொருட்படுத்துவதில்லை. ஆயின், பெருங்காப்பியம் பாடும் ஆற்றல் வாய்ந்திருந்தும், எழுதப் புகுவோன் இடும் ஒரு கொம்பின் வளைவையும் கருதிப் பார்த்த பெரியார் ஒருவர் நம் நாட்டில் வாழ்ந்தனர். அவரே வீரமாமுனிவர். அவர்தம் வரலாற்றினுள் எழுத்துப் பயிற்சியோடு இயைந்த பகுதியை ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

இம்முனிவர் இத்தாலி தேயத்திற் காஸ்திலியோனே என்னும் ஊரில் 1680 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 8 ஆம் நாள் பிறந்தார். பெஸ்கி என்பது குடிப்பெயர். 1698 இல் இயேசு சபையிற் சேர்ந்து துறவு பூண்டார்; 1710 இற் கப்பலேறிக் கோவாவை அடைந்து, பின்னர்த் தமிழகம் புகுந்தார். கோவிற்பட்டிக்கு அணித்தாய், இந்நாளில் நம் தூத்துக்குடி மாவட்டத்துள் அடங்கிய காமநாயக்கன்பட்டி, அவர் தொடக்கத்திற் பணிபுரிந்த ஊர்களுள் ஒன்றாகும். தைரியநாதர் என முதலில் தமக்குப் பெயர் சூட்டிக்கொண்ட அவரை, வீரமாமுனிவர் எனப் பின்னர்த் தமிழுலகம் அழைத்தது.

தமிழ்நாட்டில் அடிவைத்த காலை அவர்க்கு வயது முப்பது. நாம் மழலை மாறாப் பருவத்தே தொடங்கும் நெடுங்கணக்கை அவர் அவ்வயதில் தொடங்கினார். சுப்பிரதீபக் கவிராயர் என்பார் அவர்க்குத் தமிழாசிரியராயினார் என்பர். இளமையிற் கற்றோர் தாம் பட்ட இடர்ப்பாட்டை மறந்துவிடுவர். முதிர்ந்தபின் கற்றோர் மறப்பதிலர். கற்பார்க்கு எங்கே தடுமாற்றம் நேரும் என்பதனை அவர் தம் பட்டறிவாலேயே உணர்ந்திருத்தல் வேண்டும்.

அத்தடுமாற்றம் யாதெனின், கூறுதும். எகர ஒகரக் குறில்கள் புள்ளி பெறும், நெடில்கள் பெறா என்பது தொல்காப்பியர் காலத்து மரபு. கல்வெட்டிற்கு அது பொருந்தும். ஓலையில் எழுத்தாணியாற் புள்ளி குத்தின் ஓலை கிழியும் என அஞ்சி, எழுதுவோர் புள்ளியை விட்டொழித்தனர். ஒழியவே, குறிலும் நெடிலும் ஒரே வடிவாயின. எரி, ஏரி என்னும் இரண்டும் ஓலையில் ஒன்றுபோல் தோன்றின. பெறு, பேறு என்பனவும் அன்னவே. தோணியில் ஏற்றியது கொடியோ கோடியோ என்பதை முன்பின் நோக்கியே துணிதல் வேண்டும். செய்யுள்களை மனனம் செய்த புலவர்க்கு இஃது ஓர் இடர் அன்று. பொருள் முன்னரே நெஞ்சில் உண்மையின் கண் தடுமாறாது. திண்ணைப் பள்ளியில் மணலில் விரல்வைத்து எழுதிப் பயின்ற சிறுவனோ யாது செய்வான்? எழுத்தைக் கண்டு சொல்லை அறிய வேண்டியவன், சொல்லை அறிந்தபின்னரே எழுத்தை அறியும் நிலையில் நின்றான்.

வீரமாமுனிவர் கற்பவனை நோவாது எழுத்தைத் திருத்தினார். எகரத்தின் காலைக் கீழே நீட்டி ஏகாரமாக்கினார்; ஒகரத்தைச் சுழித்து ஓகாரமாக்கினார். உயிர்மெய்யில் ஒற்றைக்கொம்பைக் குறிலுக்கு நிறுத்தி, மேலே சுழித்த கொம்பை நெடிலுக்கு வகுத்தார். அதனையே நாம் இரட்டைக்கொம்பு என்கிறோம். புள்ளியின் உதவி இன்றியே குறிலும் நெடிலும் கண்ணுக்கு வேறாயின. தொன்னூல் விளக்கம் என்னும் தம் இலக்கண நூலுள்ளும் இம்முறையை அவர் அமைத்துரைத்தார். அச்சுப் பொறி நாட்டிற் பரவப் பரவ இவ்வடிவங்கள் நிலைபெற்றன.

தொல்காப்பியர் வகுத்த நெறியை அயல்நாட்டார் ஒருவர் மாற்றுதல் தகுமோ என வினவுவாரும் உளர். பண்டிதப் பயிற்சி பெற்ற காலை யானும் அவ்வாறே கருதினேன். ஆழ்ந்து நோக்கின், குறிலும் நெடிலும் மயங்கலாகாது என்பதே தொல்காப்பியர் கருத்து. அக்கருத்தை ஓலை தாங்காதொழிந்த இடத்தில், முனிவர் வேறொரு குறியால் தாங்கினார். இது மரபைக் காத்தலேயன்றி அழித்தல் அன்று. னை, லை முதலிய சில எழுத்துக்களின் வடிவைத் தமிழக அரசு 1978 இல் சீர்செய்தபோதும் கற்பார்க்கு எளிமையே நோக்கமாயிற்று.

கற்பார் மாட்டு அவர்க்கிருந்த பரிவு இவ்வொன்றான் அமைந்ததன்று. சொற்பொருள் அறிய விழைவோர் நிகண்டுச் செய்யுள்களை நெட்டுருச் செய்தே தீரவேண்டும் என்றிருந்த நாளில், 1732 இல் சதுரகராதியை இயற்றிச் சொற்களை அகர வரிசையில் அமைத்தார். பெயர், பொருள், தொகை, தொடை என்பன அதன் நான்கு பகுதிகள். 3,615 பாடல்களாலாகிய தேம்பாவணியைப் பாடிய அவரே, யாவரும் படித்து நகைக்கத்தக்க பரமார்த்த குரு கதையை எளிய உரைநடையில் எழுதினார். 1747 ஆம் ஆண்டு சேரநாட்டு அம்பலக்காட்டில் அவர் மறைந்தார். நம் கடற்கரையூராகிய மணப்பாட்டில் மறைந்தார் எனப் பழைய வரலாறுகள் சில கூறும். சென்னைக் கடற்கரையில் 1968 இல் அவர்க்குச் சிலை நிறுவப்பெற்றது.

நிற்க. யான் ஆசிரியத் தொழில் ஏற்ற புதிதில், ஏரி என்பதனை எரி என்று எழுதிய சிறுவன் ஒருவனை நூறு முறை எழுதிவருமாறு ஒறுத்தேன். மறுநாள் அவன் நூறு முறையும் எரி என்றே எழுதிக் கொணர்ந்தான். சினந்து கை ஓங்கிய யான், அவன் கண்ணில் நீர் ததும்பக் கண்டு நாணினேன். பிழை அவன் கையில் இல்லை, செவியில் இருந்தது. குறில் ஒரு மாத்திரை, நெடில் இரண்டு மாத்திரை என்பதை யான் அவனுக்குச் சொன்னேனே அன்றிக் கேட்பித்தேனல்லேன். பின்னர் எரி எனும்போது ஒரு கை தட்டலும், ஏரி எனும்போது முதலெழுத்துக்கு இரு தட்டலுமாகப் பலகால் ஒலிப்பித்து, அதன்பின்னரே மணலில் எழுதச் செய்தேன். ஏகாரத்தின் காலைத் தானே நீட்டி நிமிர்ந்து என்னை நோக்கினான். அன்றுதான் யான் ஆசிரியன் ஆனேன் என்று கொள்ளலாம்.

ஆதலின், நம் குடும்பங்களிலுள்ள தாய்மாரும் தந்தைமாரும் ஒன்றை மனங்கொள்வாராக. குழந்தை கொம்பை மாற்றி எழுதின், மக்கு என இகழற்க. வைது கையை நடுக்குறச் செய்யற்க. முதலில் ஒலியைக் கேட்பியுங்கள். அதன்பின் வடிவைக் காட்டுங்கள். கொடி, கோடி போன்ற இணைச்சொற்களைச் சேர்த்து எழுதுவியுங்கள். கைப்பேசியில் எழுத்துக்கள் தாமே வந்து நிற்கும் இந்நாளில், கையால் வளைத்து எழுதும் பயிற்சியை நாள்தோறும் கால் நாழிகையேனும் கைவிடாது நடத்துங்கள். கற்பவன் இடறும் இடத்தில் கற்பிப்பவனே குனிந்து வழியைச் செப்பனிடல் வேண்டும் என்பதே வீரமாமுனிவர் வரலாறு நமக்கு உணர்த்தும் பாடமாம். நம் சிறார் எழுதும் ஒவ்வோர் இரட்டைக்கொம்பிலும் அப்பெரியாரின் நினைவு நின்று நிலவுவதாக.