நாவால் வழிபட்ட நாவலர் பெருமான்

நமது யாழ்ப்பாணத்துக் கோவில்களிலே கந்தபுராண படனம் நிகழுங் காட்சியை அறியாதார் இலர். ஒருவர் செய்யுளை இராகத்தோடு வாசிப்பார். மற்றொருவர் அதற்குப் பயன் சொல்வார். மண்டபத்திலிருக்கும் முதியோரும் சிறுவரும் செவிமடுப்பர். அங்கே சொல்லுவதும் வழிபாடு, கேட்பதும் வழிபாடு. அவ்வழிபாட்டின் மடியிலே வளர்ந்த சொல்வன்மையைக் கற்றார்க்கும் கல்லார்க்கும் பொதுவான பிரசங்கமாக்கித் தந்த பெருமகனார் நல்லூர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் அவர்கள். கொழும்புத்துறையிலிருந்து நல்லூர் வெகுதூரமன்று. ஆயினும் அப்பெரியார் நடந்த வழி எத்துணை நெடியது என்பதை நம் இளைஞர் அறிதல் வேண்டும்.

நாவலர் அவர்கள் 1822ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 18ஆந் திகதி நல்லூரிலே கந்தப்பிள்ளைக்கும் சிவகாமி அம்மையாருக்கும் மைந்தராய்த் தோன்றினார். ஒன்பது வயதிலே தந்தையை இழந்தார். சரவணமுத்துப் புலவரிடமும் சேனாதிராச முதலியாரிடமும் தமிழ் கற்றார். ஆங்கிலம் பயிலும்பொருட்டு வெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் சேர்ந்து, பின்பு அங்கேயே ஆசிரியருமானார். அதன் தலைவர் பேர்சிவல் பாதிரியார், வேதாகமத்தைத் தமிழாக்கும் பணியிலே இவரைத் துணையாகக் கொண்டார்.

அங்கே இவர் ஒன்றைக் கண்டார். கிறிஸ்தவ ஆலயத்திலே வாரந்தோறும் வழிபாட்டின் நடுவே போதகர் எழுந்து நின்று, எளிய வசனநடையிலே தம் சமயத்தை விளக்கினார். நம் கோவில்களிலோ புராணத்துக்குப் பயன் சொல்லப்பட்டதேயன்றி, சைவ ஒழுக்கம் இது, பூசையின் கருத்து இது என்று பாமரருக்கு முறையாக எடுத்துரைப்பார் அரியர். இக்குறையை நீக்கத் துணிந்தார். பிறரிடத்துக் கண்ட முறையை ஏற்றுக்கொண்டார். அதன் வேரைத் தம் கோவிலிலே ஊன்றினார்.

1847ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆந் திகதி வெள்ளிக்கிழமை. வண்ணார்பண்ணை வைத்தீசுவரன் கோவிலிலே நாவலரின் முதற் பிரசங்கம் நிகழ்ந்தது. அப்பொழுது அவருக்கு வயது இருபத்தைந்து. அதன்பின் வெள்ளி மாலைதோறும், நல்லூர்க் கார்த்திகேய ஐயரின் துணையோடு அது தொடர்ந்தது. சிவலிங்க வழிபாடு, தீட்சை, கொல்லாமை, கள்ளுண்ணாமை, தானம் என்பன பொருளாயின. வழிபாட்டுக்குரிய நாளும் இடமுமே பிரசங்கத்துக்கும் உரியனவாயின.

வழிபாடு நாவன்மைக்குத் தாயாதல் நம் நாட்டுக்கு மாத்திரம் உரியதன்று. பேச்சுக் கலைக்குப் பேர்போன பண்டைக் கிரேக்கத்தின் ஏதென்ஸ் நகரிலே, மக்கட் சபை கூடுமுன் பலியிட்ட பன்றிக்குட்டியைச் சுற்றிக் கொண்டுவந்து இடத்தைச் சுத்தி செய்வர். பின்னர்க் கட்டியங்காரன் தேவர்களைப் பிரார்த்தித்து, மக்களை ஏமாற்றிப் பேசுபவன் அழிக என்று சாபமிடுவான். அதற்குப் பின்னரே பேச்சுத் தொடங்கும். போரில் மாண்டாருக்கு ஊர் கூடிச் செய்யும் ஈமக்கடனிலும் ஒரு பேருரை இடம்பெற்றது. கி.மு. 431இல் தொடங்கிய போரின் முதலாண்டு முடிவிலே பெரிக்கிளிஸ் ஆற்றிய உரை அத்தகையது. சேயுஸ் தேவனுக்குரிய ஒலிம்பியா விழாவிலே கோர்கியாஸ் என்னும் நாவலன் கிரேக்கரை ஒற்றுமைக்கு அழைத்துப் பேசினான். பலி நமக்கு உடன்பாடன்று. எனினும், பொய் பேசும் நாவுக்குச் சாபமுண்டு என்ற அச்சத்தோடு பேச எழுவது எந்நாட்டார்க்கும் ஏற்றதே.

நாவலரைப் பொய்யுரைக்கு இடங்கொடாது காத்தது அவர் நெஞ்சே. சைவத்தைப் போதித்துக்கொண்டே மிஷன் சம்பளத்தில் வாழ்தல் தகாதெனக் கண்டு, 1848இல் அவ்வுத்தியோகத்தைத் துறந்தார். அவ்வாண்டிலேயே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார். இல்லறத்தையும் வேண்டாது விடுத்தார். 1849இல் அச்சியந்திரம் வாங்கத் தமிழ்நாடு சென்றபோது, திருவாவடுதுறை ஆதீனத்தார் அவர்தம் பிரசங்கத்தைக் கேட்டு மகிழ்ந்து நாவலர் என்னும் பட்டம் வழங்கினர்.

நாவினாற் சொன்னதை அச்சிலும் பொறித்தார். 1852இல் பெரியபுராணத்தை வசனமாக்கி வெளியிட்டார். 1854இல் சைவதூஷண பரிகாரம் வெளிவந்தது. பாலபாடமும் சைவ வினாவிடையும் நம் முன்னோரின் முதற் புத்தகங்களாயின. பிரசங்கத்திற் பழகிய தெளிவே அவர்தம் வசனநடையாயிற்று.

பிற சமயத்தாரோடு வாதிட்ட அந்த நா, தம்மவரின் பிழையையும் மறைக்கவில்லை. கோவில்களில் நடந்த உயிர்ப்பலியையும், ஆகமத்துக்கு மாறான வழக்கங்களையும், தாம் பிறந்த நல்லூர்க் கந்தசுவாமி கோவிலின் நடைமுறையையும் அஞ்சாது கண்டித்தார். 1872இல் வந்த யாழ்ப்பாணச் சமயநிலை அதற்குச் சான்று. இதனால் சைவருள்ளும் பகைவர் பெருகினர். ஆனால் சாதி வேற்றுமையை அவர் கண்டிக்கவில்லை. தம் காலத்து வழக்கோடு நின்றுவிட்டார். அவரைப் போற்றும் நாம் இதனையும் மறையாது சொல்லல் வேண்டும். அவர் விட்ட இடத்திலிருந்து நடத்தலே அவர்க்கு நாம் செய்யுங் கடன்.

1877ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாணத்தைப் பஞ்சம் வருத்தியபோது, பொருள் திரட்டிக் கஞ்சித்தொட்டி நடத்தி ஏழைகளுக்கு உணவளித்தார். பிரசங்கத்திலே தானத்தின் பெருமையைச் சொன்னவர் பசித்தார்க்குக் கஞ்சி வார்த்த அன்றே அந்தப் பிரசங்கம் நிறைவு பெற்றது.

1879ஆம் ஆண்டு ஆடி மாதம் சுந்தரமூர்த்தி நாயனார் குருபூசைத் தினத்திலே அவர் செய்த பிரசங்கமே இறுதிப் பிரசங்கமாயிற்று. வெள்ளிக்கிழமை வழிபாட்டிலே தொடங்கிய பேச்சு குருபூசை வழிபாட்டிலே முடிந்தது. அவ்வாண்டு டிசம்பர் 5ஆந் திகதி அவர் சிவபதமடைந்தார்.

இளைஞர்காள்! இன்று நமக்கு மேடைக்கும் ஒலிபெருக்கிக்குங் குறைவில்லை. கோவில் வீதியிலே பேச எழும்போது, நெற்றியில் நீறிட்ட கையாலேயே ஒலிவாங்கியைப் பற்றுகின்றோம். நாம் சொல்லப்போவதில் நாமே நடக்கின்றோமா என்று அக்கணத்தில் ஒருமுறை நெஞ்சைக் கேட்போமாக. ஆம் என்று நெஞ்சு சொல்லுமாயின் தயங்காது பேசுவோம். இல்லையெனில் முதலிலே நடந்து காட்டி, அடுத்த ஆண்டு பேசுவோம். நாவலர் பெருமானுக்கு நாம் எடுக்கும் விழா அதுவே.