கடைசி ராங்க் கஸ்டர்

கணக்கு டேலி ஆகாத நாட்களில், வங்கியில் எனக்கு ஜார்ஜ் கஸ்டர் ஞாபகம்தான் வரும்.

1839-ல் அமெரிக்காவின் ஒஹாயோவில் பிறந்தவர். வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் 34 பேரில் 34-வது ராங்க். ஆனாலும் உள்நாட்டுப் போரில் துணிச்சல் காட்டி 23 வயதிலேயே பிரிகேடியர் ஜெனரல்! அந்த வயதில் நான் வங்கிப் பரீட்சைக்கு விண்ணப்பம்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

பிளாக் ஹில்ஸ் மலையில் தங்கம் இருப்பதாக 1874-ல் சேதி சொன்னது இவர் படை. 1868 ஒப்பந்தப்படி அது லக்கோட்டா மக்களின் நிலம். அரசு விலைக்குக் கேட்டது, அவர்கள் மறுத்தார்கள். போர் மூண்டது.

1876 ஜூன் 25. மொன்டானாவில் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரை. புறப்படும்போதே காட்லிங் துப்பாக்கிகள் வேண்டாம், கூடுதல் படையும் வேண்டாம் என்றுவிட்டார். எதிரில் எத்தனை பேர் என்று எண்ணாமலே, இருந்த படையையும் பிரித்தார். கழித்தலும் வகுத்தலும் மட்டும் தெரிந்த மனிதர்! கூடப் போன சுமார் 210 பேரில், தம்பிகள் இருவர் உட்பட, ஒருவரும் திரும்பவில்லை.

ஜெயித்த லக்கோட்டாக்களிடமிருந்து அடுத்த ஆண்டே மலை பறிக்கப்பட்டது. 1980-ல் உச்ச நீதிமன்றம் 10 கோடி டாலருக்கு மேல் நஷ்ட ஈடு உறுதி செய்தது. வட்டி ஏறிக்கொண்டே போகிறது, அவர்கள் தொடவில்லை. மலைதான் வேண்டுமாம்.

அந்தக் கணக்கு இன்னும் டேலி ஆகவில்லை.