இராமானுஜரும் ஒரு பேரெண்ணும்

திருப்பாலைவனத்தை அடுத்துப் பழவேற்காட்டு ஏரிக்கரையில் அமைந்த மீனவர் ஊர்களிற் பிடித்த மீனைப் பங்கிடுதல் அன்றாட வழக்கம். கூடையில் 10 மீன் இருப்பின், மூவரோ நால்வரோ அவற்றைச் சமமாகப் பகுத்துக்கொள்ளல் இயலாது. 12 மீன் இருப்பின், இருவர், மூவர், நால்வர், அறுவர் ஆகிய எத்திறத்தார்க்கும் பங்கு சரியாக அமையும். பன்னிரண்டினை மிச்சமின்றி வகுக்கும் எண்கள் 1, 2, 3, 4, 6, 12 என ஆறு. அதனிற் சிறிய எவ்வெண்ணிற்கும் அத்துணை வகுக்கும் எண்கள் இல்லை. இவ்வாறு தம்மிற் சிறிய எண்கள் அனைத்தினும் மிகுதியான பகுப்புடைய எண்களை விரிவாக ஆராய்ந்து புகழ்பெற்றவர் நம் தமிழ்நாட்டுக் கணித மேதை ஸ்ரீநிவாச இராமானுஜர்.

இவர் 1887-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் ஈரோட்டிற் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தார். கணிதத்தில் ஆழ்ந்த உள்ளம் பிற பாடங்களை நாடவில்லை. அதனாற் கும்பகோணம் அரசினர் கல்லூரியிற் பெற்ற உதவிச் சம்பளத்தை இழந்தார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் பயின்றும் எப்.ஏ. தேர்விற் தேறினாரிலர். வறுமை வருத்த, 1912-இற் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்திற்கு எழுத்தராக அமர்ந்தார். 1913-ஆம் ஆண்டு ஜனவரியிற் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குத் தம் முடிபுகளை எழுதி விடுத்தார். அதன் பயனாக 1914-இல் கடல் கடந்து அங்குச் சென்றார்.

மேற்கூறிய எண்களைப் பற்றிய இவரது நீண்ட கட்டுரை 1915-இல் இலண்டன் கணிதக் கழகத்தின் வெளியீட்டில் வந்தது. அக்கழகம் அப்போது பொருள்முடையுற்றிருந்தமையின் ஒரு பகுதி அச்சேறாது நின்றது. அப்பகுதி 1997-இலேதான் முழுமையாக வெளிவந்தது. தேர்விற் தவறிய அவர்க்கு இவ்வாராய்ச்சியே 1916-இல் கேம்பிரிட்ஜின் பி.ஏ. பட்டத்தை ஈந்தது.

அக்கட்டுரையில் அவர் அமைத்த பட்டியல் 6746328388800 என்னும் பேரெண்ணில் முடிகின்றது. 2-ஐ ஆறுமுறையும், 3-ஐ நான்குமுறையும், 5-ஐயும் 7-ஐயும் இவ்விருமுறையும், 11, 13, 17, 19, 23 என்பவற்றை ஒவ்வொருமுறையும் எடுத்துப் பெருக்க வருவது இவ்வெண். இதனை மிச்சமின்றி வகுக்கும் எண்கள் 10080 ஆம். கணிப்பொறி இல்லாக் காலத்து இத்துணையும் கையாற் செய்த கணக்கு என்பதை நாம் உன்னுதல் வேண்டும்.

ஆயினும் அப்பட்டியலில் ஓர் எண் விடுபட்டது. அது 293318625600, அதனை வகுக்கும் எண்கள் 5040. அதனை 23-ஆற் பெருக்கினாற் கிடைப்பது அவர் இறுதியாக எழுதிய அப்பேரெண்ணே! 23 என்னும் புதிய பகா எண் சேர்தலின் 5040 இரட்டித்து 10080 ஆயிற்று. இத்துணை அண்மையில் நின்ற எண் அப்பேரறிஞர் கண்ணுக்கும் தப்பியது. பின்வந்தோர் அதனைச் சேர்த்துப் பட்டியலை நிறைவு செய்தனர். அவர் நிறுவிய உண்மைகளோ அசையாது நின்றன.

1918-இல் அவர் இராயல் கழகத்து உறுப்பினரானார். நோயுற்று 1919-இற் தாய்நாடு திரும்பி, 1920-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் நாள், முப்பத்திரண்டாம் வயதிற் சென்னைச் சேத்துப்பட்டில் உயிர்நீத்தார்.

மாணவ நண்பர்காள்! தேர்வுப் பட்டியலிற் பெயர் காணாமையும், எண் பட்டியலில் ஒன்று விடுபட்டமையும் அப்பெரியாரின் உண்மை மதிப்பை அளக்கவில்லை. ஒரு பொருளை உள்ளத்தாற் பற்றி, இடையறாது உழைத்தமையே அவரை உயர்த்தியது. நாமும் நமக்குற்ற துறையில் அவ்வுழைப்பை மேற்கொள்வோமாக.