கேள்விக்கு அஞ்சாத விசுவாசி: புனித அக்குவினாஸ் தோமையார்

நம் பிள்ளைகள் கல்லூரிக்குச் சென்று படிக்கிறார்கள். விடுமுறைக்கு வீடு திரும்பும்போது புத்தகங்களோடு ஒரு கேள்வியையும் கொண்டு வருகிறார்கள். கடவுள் இருக்கிறார் என்பதற்கு என்ன ஆதாரம் என்பதே அந்தக் கேள்வி. ஜெபமாலையைக் கையில் பிடித்திருக்கும் தாய் திகைத்து நிற்கிறாள். தகப்பனார் அதட்டி வாயை மூடுகிறார். பிள்ளை மௌனமாகிவிடுகிறான், கேள்வி மட்டும் அவன் உள்ளத்தில் பதிலின்றித் தங்கிவிடுகிறது. பிறகு ஒருநாள் ஞாயிறு பூசைக்கு வருவதையும் நிறுத்திவிடுகிறான்.

இவ்வாறு கேட்பது பாவமா? இல்லை என்று தம் வாழ்க்கையாலேயே எடுத்துக்காட்டியவர் ஒருவர் திருச்சபையில் உண்டு. அவரே புனித அக்குவினாஸ் தோமையார். இந்தியாவுக்கு வந்து மறைசாட்சியாக மரித்த அப்போஸ்தலர் தோமையார் வேறு, இவர் வேறு. ஆயினும் காயங்களைத் தொட்டுப் பார்க்க விரும்பிய அந்த அப்போஸ்தலரின் பெயரை இவர் தாங்கியது பொருத்தமே. இவர் இறைவனின் திருமுன்னிலையில் தம் அறிவையும் உடன் அழைத்துச் சென்றவர். நம் ஆலயம் ஜூபிலி கொண்டாடும் இவ்வேளையில், விசுவாசத்திற்கு அறிவு பகையல்ல என்று காட்டிய அவர் வரலாற்றைச் சற்றே சிந்திப்போம்.

கோட்டையில் பிறந்த குழந்தை

இத்தாலி நாட்டில், ரோமாபுரிக்கும் நேப்பிள்ஸ் நகருக்கும் இடையே ரொக்கசெக்கா என்னும் மலைக்கோட்டை உண்டு. 1225-ஆம் ஆண்டையொட்டி அங்கே தோமா பிறந்தார். தந்தை லாந்துல்ப், தாய் தியோதோரா. செல்வாக்குள்ள பிரபு குடும்பம். ஏறக்குறைய ஐந்து வயதில் அவரை அருகிலிருந்த மோந்தே கசினோ மடத்தில் சேர்த்தார்கள். அது புனித ஆசீர்வாதப்பர் நிறுவிய புகழ்பெற்ற மடம். மகன் பிற்காலத்தில் அம்மடத்தின் தலைவராக வேண்டும், அதனால் குடும்பத்தின் பெருமையும் உயரவேண்டும் என்பது பெற்றோரின் எண்ணம். சிறுவனோ, கடவுள் என்றால் யார் என்று தன் ஆசிரியர்களைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தானாம். அந்த ஒரு கேள்விக்கு விடை தேடுவதிலேயே அவன் வாழ்நாள் கழிந்தது.

போர்க் குழப்பங்களால் 1239-இல் அவர் மடத்தை விட்டு நேப்பிள்ஸ் பல்கலைக்கழகத்திற்கு அனுப்பப்பட்டார். அங்கே இரண்டு புதுமைகளைக் கண்டார். ஒன்று, கிறிஸ்து பிறப்பதற்கு முன் வாழ்ந்த கிரேக்க ஞானி அரிஸ்டாட்டிலின் நூல்கள். மற்றொன்று, புனித சாமிநாதரின் துறவியர். அவர்கள் சொத்து சுகம் ஏதுமின்றி, பிச்சை ஏற்று உண்டு, படித்து, போதித்து வாழ்ந்தார்கள். 1244-இல் தோமா அவர்களுடைய சபை உடையை அணிந்தார்.

குடும்பம் கொதித்தெழுந்தது. மடத்தலைவராக வேண்டியவன் பிச்சைக்காரத் துறவியாவதா? வடக்கு நோக்கிப் பயணம் செய்த அவரை வழியிலேயே உடன்பிறந்த சகோதரர்கள் பிடித்துச் சென்று கோட்டையில் அடைத்தார்கள். ஏறக்குறைய ஓராண்டுச் சிறை. தாயின் கண்ணீர், சகோதரரின் மிரட்டல் எதுவும் பலிக்கவில்லை. அவரைக் கெடுக்க ஒரு பெண்ணை அனுப்பினார்கள் என்றும், அவர் எரியும் கொள்ளிக்கட்டையை எடுத்து அவளை விரட்டினார் என்றும் பழைய வரலாறுகள் கூறுகின்றன. சிறையில் அவர் வேதாகமத்தை ஆழ்ந்து படித்தார். இறுதியில் குடும்பத்தார் மனம் தளர்ந்தார்கள். 1245-இல் அவர் விடுதலை பெற்றுத் தம் சபைக்குத் திரும்பினார்.

ஊமை எருது

பின்னர் பாரீசிலும், ஜெர்மனியின் கொலோன் நகரிலும் பெரிய ஆல்பர்ட் என்னும் மேதையிடம் பயின்றார். தோமா பருத்த உடலினர். பேச்சோ மிகக் குறைவு. உடன் பயின்றோர் அவரை ஊமை எருது என்று கேலி செய்தார்கள். இந்த எருதின் குரல் ஒருநாள் உலகெங்கும் கேட்கும் என்று ஆல்பர்ட் முன்னறிவித்ததாகச் சொல்வார்கள். அப்படியே நடந்தது. 1256-இல் அவர் பாரீஸ் பல்கலைக்கழகத்தில் இறையியல் பேராசிரியரானார்.

அக்காலத்தில் ஒரு பெரும் நெருக்கடி எழுந்திருந்தது. அரிஸ்டாட்டிலின் நூல்களும், அவற்றுக்கு அராபிய அறிஞர்கள் எழுதிய உரைகளும் ஐரோப்பாவில் பரவிக்கொண்டிருந்தன. அவற்றை வாசித்தால் விசுவாசம் கெட்டுவிடும் என்று ஒரு சாரார் அஞ்சினார்கள். அறிவுக்கு ஓர் உண்மை, விசுவாசத்திற்கு வேறோர் உண்மை என்னும் அளவுக்கு மற்றொரு சாராரின் போக்கு சென்றது. தோமையார் இரண்டையும் ஏற்கவில்லை. அறிவைத் தந்தவரும் இறைவன், வேதத்தை வெளிப்படுத்தியவரும் இறைவன், உண்மை ஒன்றே, ஆகவே நேர்மையான ஆராய்ச்சி எதற்கும் விசுவாசி அஞ்ச வேண்டியதில்லை என்பதே அவர் நிலை.

அவர் எழுதிய முறையே இதற்குச் சாட்சி. ரோமையில் 1265-ஆம் ஆண்டையொட்டி அவர் தொடங்கிய இறையியல் பெருந்தொகுப்பில் 512 வினாக்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் முதலில் எதிராளியின் வாதங்களை, அவனே சொன்னாலும் அவ்வளவு தெளிவாகச் சொல்லமாட்டான் எனும்படி எடுத்துரைப்பார். அதன் பிறகே தம் விடையைக் கூறுவார். கடவுள் இருக்கிறாரா என்ற வினாவையும் அவர் அவ்விதமே தொடங்கினார். கடவுள் இல்லை என்போரின் இரண்டு பெரிய வாதங்களை முதலில் வைத்தார். உலகில் தீமை இருக்கிறதே என்பது ஒன்று. எல்லாவற்றையும் இயற்கையைக் கொண்டே விளக்கிவிடலாமே, கடவுள் எதற்கு என்பது மற்றொன்று. இன்று நம் பிள்ளைகள் கொண்டுவரும் கேள்விகளும் இவையே அல்லவா?

ஐந்து வழிகள்

கடவுள் உண்டு என்பதற்கு அவர் ஐந்து வழிகளைக் காட்டினார். அவற்றை நம் வழக்கமான உதாரணங்களால் விளங்கிக்கொள்வோம்.

முதல் வழி, அசைவு. நம் ஆலய மணி ஆடி ஒலிக்கிறது. அதை அசைப்பது கயிறு. கயிற்றை அசைப்பது கோயில்பிள்ளையின் கை. கயிற்றை எத்தனை காத தூரம் நீட்டினாலும், இழுக்கும் கை ஒன்று இல்லையென்றால் மணி ஒலிக்காது. உலகில் அசைவன, மாறுவன யாவும் பிறிதொன்றால் அசைகின்றன. அப்படியானால், எதனாலும் அசைக்கப்படாமல் அனைத்தையும் அசைக்கும் ஒருவர் இருக்க வேண்டும்.

இரண்டாம் வழி, காரணம். கூரையைச் சுவர் தாங்குகிறது, சுவரை அஸ்திவாரம் தாங்குகிறது, அஸ்திவாரத்தை நிலம் தாங்குகிறது. தாங்கப்படுபவை மட்டுமே இருந்து, தாங்குவது ஒன்றும் இல்லையென்றால் அனைத்தும் சரிந்துவிடும். இங்கே நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தோமையார் வெறுமனே பின்னோக்கிச் சென்று உலகின் முதல் நாளைத் தேடவில்லை. உலகிற்குத் தொடக்கம் உண்டு என்பதை அறிவால் மட்டும் நிரூபிக்க முடியாது, அது விசுவாசத்தால் அறிவது என்றே அவர் ஒப்புக்கொண்டார். இந்தக் கணத்தில் உலகைத் தாங்கி நிற்பவர் யார் என்பதே அவருடைய கேள்வி.

மூன்றாம் வழி, நிலையாமை. நாம் ஒரு காலத்தில் இல்லை. ஒரு காலத்தில் இல்லாமலும் போவோம். கல்லறைத் தோட்டத்தில் நிற்கும்போது இது எவருக்கும் புரியும். இருப்பவை எல்லாமே இவ்வாறு இல்லாமலும் போகக்கூடியவை என்றால், ஒன்றுமே இல்லாத நிலை எப்போதோ வந்திருக்கும். ஒன்றுமில்லாமையிலிருந்து ஒன்றும் வராது. ஆகவே இல்லாமற்போக முடியாத ஒருவர் இருந்தே தீரவேண்டும்.

நான்காம் வழி, தரம். இது நல்லது, அது அதனிலும் நல்லது என்று நாம் சொல்கிறோம். கூடுதல் குறைவு என்று சொல்லும்போதே நிறைவானது ஒன்றை நோக்கி நம் மனம் செல்கிறது. உலகில் சிதறிக் கிடக்கும் நன்மைகள் யாவும், நன்மையே உருவானவரிடமிருந்து பெற்றவை என்றார் தோமையார்.

ஐந்தாம் வழி, நோக்கம். வேப்பங்கொட்டைக்கு அறிவில்லை. ஆயினும் அதன் வேர் தவறாமல் மண்ணுக்குள் இறங்குகிறது, தளிர் வெளிச்சத்தை நோக்கி எழுகிறது. அறிவில்லாத அம்பு குறியை நோக்கிப் பாய்ந்தால், எய்தவன் ஒருவன் இருக்கிறான் என்று தெரிகிறதல்லவா? வேர் எவ்வாறு இறங்குகிறது என்று விஞ்ஞானம் விளக்கும், விளக்கட்டும், நல்லதே. ஆனால் விளக்கப்படக்கூடிய ஒழுங்கு ஒன்று உலகில் இருப்பது ஏன்? இயற்கையே போதும் என்போருக்கு, அந்த இயற்கையின் ஒழுங்குக்கே ஒரு முதற்காரணம் வேண்டும் என்பது அவர் விடை.

தீமையைப் பற்றிய வாதத்திற்கு, புனித அகுஸ்தினாரைப் பின்பற்றி அவர் பதில் கூறினார். தீமையிலிருந்தும் நன்மையை விளைவிக்க வல்லவராக இருப்பதாலேயே இறைவன் அதை அனுமதிக்கிறார் என்றார். பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் கண்ணீரை இந்த வாதம் துடைத்துவிடாது. அவளுக்கு வேண்டியது சிலுவையடியில் நின்ற அன்னையின் துணை. தோமையாரும் இதை அறிந்தவரே. அதனால்தான் அவருடைய பெருந்தொகுப்பு ஐந்து வழிகளோடு நின்றுவிடாமல், மூன்றாம் பாகத்தில் கிறிஸ்துவின் பாடுகளை நோக்கிச் செல்கிறது.

அறிவின் எல்லை

இந்த வாதங்களைக் கற்றால்தான் விசுவசிக்க முடியுமா? தோமையார் அவ்வாறு கூறவில்லை. அறிவால் மட்டும் கடவுளை அறிய வேண்டுமென்றால் மிகச் சிலரே, நெடுங்காலம் சென்றபின், பல பிழைகளோடு அறிவார்கள். வயலில் உழைப்பவனுக்கும் குழந்தையை வளர்ப்பவளுக்கும் அதற்கு நேரம் ஏது? ஆகவேதான் இறைவன் இரங்கித் தம்மைத் தாமே வெளிப்படுத்தினார் என்று அவர் எழுதினார். கடவுள் உண்டு என்பதுவரை அறிவு நம்மை அழைத்துச் செல்லும். அவர் பிதா, சுதன், பரிசுத்த ஆவியாய் இருக்கிறார் என்பதை அவரே சொன்னால்தான் தெரியும்.

அவர் எழுதிய பாடல்களும் இதையே காட்டுகின்றன. 1264-இல் திருத்தந்தை நான்காம் உர்பன் நற்கருணைப் பெருவிழாவைத் திருச்சபை முழுவதற்கும் ஏற்படுத்தியபோது, அதற்கான வழிபாட்டை இவரே இயற்றினார் என்பது மரபு. நற்கருணை ஆசீரின்போது தூபம் எழ, முழந்தாளிட்டு நாம் பாடும் பாடலின் மூலமும் இவருடையதே. கண் தவறினாலும் கை தவறினாலும் விசுவாசம் தவறாது என்னும் கருத்தை அறிவாளிகளில் தலைசிறந்த ஒருவர் பாடி வைத்ததை எண்ணிப் பாருங்கள்!

மௌனம்

1273 டிசம்பர் 6, புனித நிக்கோலாஸ் திருநாள். நேப்பிள்சில் தோமையார் திருப்பலி நிறைவேற்றினார். அப்போது அவருக்கு என்ன நேர்ந்ததோ, அன்றுமுதல் பேனாவைத் தொடவில்லை. எழுதும்படி உதவியாளர் ரெஜினால்டு கெஞ்சினார். தாம் கண்டவற்றின் முன் தாம் எழுதியவை யாவும் வைக்கோல் போலத் தோன்றுவதாகச் சொல்லி மறுத்துவிட்டார். பெருந்தொகுப்பு, பாவசங்கீர்த்தனம் என்னும் தேவதிரவிய அனுமானத்தைப் பற்றிய பகுதியில் அப்படியே நின்றுபோயிற்று.

எழுதியது பொய் என்று அவர் கைவிடவில்லை. ஊருக்கு வழிகாட்டும் பலகை உண்மையைத்தான் சொல்கிறது. ஊரை அடைந்தவன் பலகையைப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை.

அடுத்த ஆண்டு லியோன் பொதுச்சங்கத்திற்குப் புறப்பட்டவர், வழியில் நோயுற்று, பொஸ்ஸனோவா மடத்தில் தங்கினார். இறுதி நற்கருணையை வாங்குமுன், தாம் கற்றதும் கண்விழித்ததும் எழுதியதும் ஆண்டவர்மீது கொண்ட அன்பினாலே என்று அறிக்கையிட்டு, தம் எழுத்துக்கள் அனைத்தையும் திருச்சபையின் தீர்ப்புக்குக் கீழ்ப்படுத்தினார். 1274 மார்ச் 7-ஆம் நாள் காலமானார். வயது ஐம்பதைக்கூட எட்டவில்லை.

மறைந்தபின்னும் சோதனை விடவில்லை. 1277-இல் பாரீஸ் ஆயர் கண்டனம் செய்த 219 கூற்றுக்களில் சில தோமையாரின் கருத்துக்களையும் தொட்டன. ஆனால் 1323-இல் திருத்தந்தை 22-ஆம் அருளப்பர் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கினார். 1325-இல் பாரீசிலும் அக்கண்டனம், அவரைப் பொறுத்தவரை விலக்கப்பட்டது. 1567-இல் மறைவல்லுநராக அறிவிக்கப்பட்டார். 1879-இல் திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர், அவருடைய தத்துவத்தைத் திருச்சபையின் கல்விக்கூடங்களில் மீண்டும் நிலைநாட்டினார். 2025-இல் அவர் பிறந்து 800 ஆண்டுகள் நிறைவுற்றதைத் திருச்சபை நன்றியுடன் நினைவுகூர்ந்தது. ஜனவரி 28 அவர் திருநாள்.

அன்பார்ந்த பங்கு மக்களே! அடுத்த முறை உங்கள் மகனோ மகளோ அந்தக் கேள்வியோடு வந்தால் அதட்டாதீர்கள். அருகில் உட்கார வைத்துக் கேளுங்கள். விடை தெரியாவிட்டால், தெரியவில்லை, சேர்ந்து தேடுவோம் என்று சொல்லுங்கள். பங்குக் குருவிடம் அழைத்து வாருங்கள். அன்று மாலை ஆலய மணி ஒலிக்கும்போது, அந்தக் கயிற்றையும் அதை இழுக்கும் கையையும் அவர்களுக்கு நினைவூட்டுங்கள். பின்பு நற்கருணை ஆசீருக்கு அவர்களையும் கூட்டி வாருங்கள். சிந்திக்கவும் முழந்தாளிடவும் ஒருசேர அறிந்திருந்தவர் தோமையார். நம் பிள்ளைகளும் இரண்டையும் கற்கட்டும்.

புனித அக்குவினாஸ் தோமையாரே, எங்கள் பிள்ளைகளுக்காக வேண்டிக்கொள்ளும்.