கண்ணுக்குத் தெரியாத பூட்டு

பூட்டுக்குப் பேர்போன ஊர் நம் திண்டுக்கல். 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் பெற்றுவிட்ட அந்த இரும்புப் பூட்டைப் பற்றி எழுத நான் வரவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு பூட்டைச் செய்தவர்களுள் ஒருவரான டென்னிஸ் ரிட்சியைப் பற்றியே எழுதுகிறேன்.

அவரைத் தேடிப் போக நேர்ந்ததற்கு ஒரு சிறு காரணம் உண்டு. செயல்திட்டத்துக்காக, வெப்பநிலை அளக்கும் மின்பலகை ஒன்றை ஆய்வகத்து லினக்ஸ் கணிப்பொறியில் இணைத்தோம். அனுமதி மறுக்கப்பட்டது என்று ஒரே வரியில் பதில் வந்தது. இரண்டு நாட்கள் கம்பியை மாற்றி மாற்றிப் பார்த்தோம். கோளாறு கம்பியில் இல்லை. அந்த இணைப்பு டயல்அவுட் என்ற குழுவுக்கு உரியது. எங்கள் பயனர் பெயரோ அக்குழுவில் இல்லை. யார் இப்படி ஓர் ஏற்பாட்டைச் செய்தது என்று எரிச்சலோடுதான் தேடத் தொடங்கினேன்.

ரிட்சி 1941 செப்டம்பர் 9 அன்று நியூயார்க் மாநிலத்துப் பிராங்ஸ்வில்லில் பிறந்தார். தந்தை பெல் ஆய்வகத்தில் விஞ்ஞானி. மின்சுற்று வடிவமைப்பில் தேர்ந்தவர். மகன் ஹார்வர்டில் இயற்பியலும் பயன்பாட்டுக் கணிதமும் பயின்றார். முனைவர் பட்ட ஆய்வேட்டை எழுதி முடித்தும் உரிய முறையில் ஒப்படைக்காததால் பட்டம் கிடைக்கவில்லை. நம்மில் பலருக்கு இது நம்ப முடியாத செய்தியாக இருக்கும்! அதைப் பொருட்படுத்தாமல் 1967இல் தந்தையின் பெல் ஆய்வகத்திலேயே சேர்ந்தார்.

அப்போது மல்டிக்ஸ் என்ற பெருந்திட்டம் நடந்துகொண்டிருந்தது. அது இழுத்துக்கொண்டே போகவே, பெல் ஆய்வகம் 1969இல் விலகியது. அதே ஆண்டில் அவருடைய தோழர் கென் தாம்சன், அதிகம் பயன்படாமல் கிடந்த பிடிபி-7 பொறியில் யூனிக்ஸைத் தொடங்கினார். ரிட்சி துணை நின்றார். பின்னர் ரிட்சி சி மொழியை உருவாக்கினார். 1973இல் யூனிக்ஸின் கருப்பகுதியே அந்த மொழியில் திருப்பி எழுதப்பட்டது. சி மொழியைப் பாடமாகப் படிக்கும் நம் கணிப்பொறித் துறை மாணவர்களுக்கு அதன் பெருமையை நான் சொல்ல வேண்டியதில்லை.

என்னைக் கவர்ந்தது வேறு. அச்சுப்பொறி, நாடாப்பொறி, முனையம் ஆகிய கருவிகளையும் யூனிக்ஸ் கோப்புகளாகவே கொண்டது. கோப்புக்கு உள்ள காவல் விதியே கருவிக்கும் போதும் என்பது அதனால் கிடைத்த ஆதாயம். இருவரும் 1974இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு கோப்புக்கு 7 காவல் குறிகள்: உரியவருக்கு 3, மற்றவர்க்கு 3, தனிக்குறி 1. 1978இல் திருத்தி வெளியிட்டபோது அவை 10 ஆயின. இடையில் குழு என்ற மூன்றாம் தரப்பு வந்துவிட்டது. படிக்க, எழுத, இயக்க என்று ஒவ்வொரு தரப்புக்கும் தனித்தனி உரிமை. கோயில் உண்டியலை நினைத்துக்கொள்ளுங்கள். யாரும் காசு போடலாம். திறந்து எடுக்கச் சாவி உடையவர்கள் வர வேண்டும்.

அந்தத் தனிக்குறிதான் ரிட்சியின் சொந்தக் கண்டுபிடிப்பு. கடவுச்சொல் கோப்பில் எழுத நிர்வாகிக்கு மட்டுமே உரிமை; ஆனால் ஒவ்வொருவரும் தம் கடவுச்சொல்லை மாற்றியாக வேண்டும். என்ன செய்வது? நம்பத் தகுந்த ஒரு நிரலுக்கு அக்குறியை இட்டுவிட்டால், அதை இயக்குபவர் யாராயினும் அது ஓடும் நேரம் மட்டும் அதன் உடைமையாளரின் அதிகாரத்தோடு ஓடும். சாவியை ஊராரிடம் கொடுக்காமல், வேலையை மட்டும் முடித்துக் கொடுக்கும் ஆளைப் போல! 1973இல் விண்ணப்பித்து 1979இல் இதற்குக் காப்புரிமை கிடைத்தது. பிற்பாடு அது பொதுமக்களுக்கே விடப்பட்டது. விண்ணப்பத்தில் இதை மின்சுற்றாகவே வரைந்து காட்டியிருந்தார்கள் என்று படித்தபோது அவருடைய தந்தையை நினைத்துக்கொண்டேன்.

1983இல் தாம்சனோடு டூரிங் விருது, பின்னர் அமெரிக்க அரசின் தொழில்நுட்பப் பதக்கம், 2011இல் ஜப்பான் பரிசு என்று சிறப்புகள் வந்தன. 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்ஸ், யூனிக்ஸின் நிரலை எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் சி மொழியிலேயே எழுதப்பட்டு, அதே காவல் முறையைப் பின்பற்றியது. எங்கள் ஆய்வகத்துக்கு அந்தப் பூட்டு வந்த வழி இதுதான்.

நண்பர் ஒருவர் 666 என்று போட்டு எல்லார்க்கும் திறந்துவிடலாம் என்றார். ஆசிரியர் இசையவில்லை. குழுவில் சேர்ப்பதே முறை என்றார். யூசர்மாட் கட்டளையை நானே தட்டினேன். பெரிய ஜி எழுத்தோடு சேர வேண்டிய சிறிய ஏ எழுத்தை விட்டுவிட்டேன். டயல்அவுட் குழுவில் சேர்ந்தோம், உண்மைதான். நிர்வாகக் குழு உட்பட மற்றக் குழுக்கள் அனைத்திலிருந்தும் நீங்கிவிட்டோம்! ஆசிரியர் கணிப்பொறியை மீட்பு முறையில் தொடங்கிச் சரிசெய்தார். வட்டுக்குரிய டிஸ்க் குழுவில் மட்டும் யாரையும் சேர்த்துவிடாதே, அதில் சேர்ந்தவர் காவல் விதிகளைத் தாண்டி வட்டு முழுவதையும் படித்துவிடலாம் என்றும் எச்சரித்தார். வெளியேறி மறுபடி உள்நுழைந்த பிறகே புதிய உரிமை செல்லுபடியாயிற்று. திரையில் 31 பாகை என்று எழுந்தது.

ரிட்சி மணம் செய்துகொள்ளவில்லை. 2007இல் ஓய்வு பெற்று நியூஜெர்சியில் தனியே வாழ்ந்தார். 2011 அக்டோபர் 5இல் ஸ்டீவ் ஜாப்ஸ் மறைந்தபோது உலகமே பேசிற்று. ஒரு வாரம் கழித்து, 12ஆம் தேதி, ரிட்சி தம் வீட்டில் இறந்து கிடக்கக் கண்டார்கள். அவருக்கு வயது 70.